பேப்பர் நின்னா நிருபர் எங்கே படிப்பார்?

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். உங்க ரூமுக்குள்ள கடைசியா எப்போ நியூஸ் பேப்பர் வந்துச்சு? பஜ்ஜி மடிச்சு வந்தது, அலமாரித் தட்டுல விரிச்சது, ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டது இதெல்லாம் கணக்குல வராது. படிக்கணும்னு காசு கொடுத்து வாங்கினது.

எங்க ஹாஸ்டல் விங்ல 24 ரூம். இந்தக் கட்டுரைக்காக ஒவ்வொரு கதவா தட்டிக் கேட்டேன். 2 ரூம்ல மட்டும் பேப்பர் வருது. ஒருத்தன் குரூப் 2 எழுதறான். இன்னொருத்தனும் குரூப் 2 தான் எழுதறான். மத்த 22 ரூம்லயும் பதில் ஒண்ணுதான்: "நியூஸ்தான் போன்லயே வருதேடா."

அது சரிதான். நியூஸ் போன்ல வருது. ஆனா அந்த நியூஸை முதல்ல யாரோ ஒருத்தர் ஒரு இடத்துக்குப் போய், நாலு பேர்கிட்ட கேட்டு, சரிபார்த்து எழுதணுமே. அந்த ஆளை யார் உருவாக்கறாங்க, யார் சம்பளம் கொடுக்கறாங்க? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான். அச்சுப் பத்திரிகை ஏன் சரிஞ்சுது, அது சரியும்போது கூடவே எது உடைஞ்சுது, இனிமே பத்திரிகையாளர் பயிற்சி எங்கே நடக்கும்னு மூணு கேள்வியா பிரிச்சுப் பார்க்கலாம். இந்தக் கதை ரொம்பத் தெளிவா, கணக்கோட பதிவாகியிருக்கிற இடம் அமெரிக்கா. அதனால பெரும்பாலான உதாரணங்கள் அங்கிருந்துதான். நம்ம ஊருக்குக் கடைசியில வருவேன். நம்ம மெஸ்ஸுக்கும் வருவேன்.

(நான் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல தப்பு இருந்தா எடிட்டோரியல் குரூப்ல போட்டு மானத்தை வாங்காம, தனியா மெசேஜ் பண்ணுங்க.)

1. பத்திரிகை எப்படிச் சம்பாதிச்சுது?

நாம பேப்பருக்குக் கொடுக்கிற காசுலதான் பேப்பர் ஓடுதுன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். உண்மையில, விளம்பரம்தான் பெரிய வருமானம். அமெரிக்காவுல பல வருஷம் பத்திரிகை வருமானத்துல பெரும்பங்கு விளம்பரத்துல இருந்து வந்தது. அதுலயும் ஒரு வகைக்குத் தனி மதிப்பு: வரி விளம்பரம். வேலைக்கு ஆள் தேவை, வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு. ரெண்டு மூணு வரி, பொடி எழுத்து, ஆனா அதுல கொட்டினது பணம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு வரி விளம்பரத்தில் மட்டும் வந்தது கிட்டத்தட்ட 2,000 கோடி டாலர். அந்த வருஷ மொத்த விளம்பர வருமானத்தில் அது சுமார் 40 சதவீதம்.

இப்போ இதை ஒரு சிஸ்டமா பாருங்க. கார் விக்கிறவருக்கு நகராட்சிக் கூட்டத்துல என்ன நடந்ததுன்னு கவலை இல்லை. நகராட்சிச் செய்தி படிக்கிறவருக்குப் பழைய கார் வேண்டாம். ஆனா ரெண்டு பேரையும் ஒரே காகிதக் கட்டுல சேர்த்துக் கட்டினதால, கார் விளம்பரக் காசு நகராட்சி நிருபருக்குச் சம்பளமா போச்சு. யாரும் திட்டம் போட்டுச் செஞ்சது இல்லை. பிரிண்டிங் பிரஸ்ஸும் விநியோகமும் வேற யார்கிட்டயும் இல்லாததால அமைஞ்ச ஏற்பாடு.

நம்ம பாஷையில சொன்னா, லோடு ஒண்ணு, பவர் சப்ளை வேற ஒண்ணு, நடுவுல ஒரே ஒரு வயர். அந்த வயர் அறுந்தா என்ன ஆகும்னு யாரும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலை.

2. வயர் எப்படி அறுந்தது?

1995-இல் சான் பிரான்சிஸ்கோவில் க்ரெய்க் நியூமார்க் என்ற ஒரு புரோகிராமர், ஊரில் நடக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றி நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தார். அது வளர்ந்து 'க்ரெய்க்ஸ்லிஸ்ட்' என்ற இணையதளம் ஆனது. வாடகைக்கு வீடு, பழைய சைக்கிள், வேலை விளம்பரம் எல்லாம் அதில் வந்தது. பெரும்பாலானவை இலவசம். பத்திரிகையில் காசு கட்டி மூணு வரி போட்டவங்க, இங்கே காசில்லாம முப்பது வரி போட்டாங்க, படத்தோட.

ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஜூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2000 முதல் 2007 வரை க்ரெய்க்ஸ்லிஸ்ட்டால் வரி விளம்பரம் கொடுப்பவர்களுக்கு மிச்சமான தொகை சுமார் 500 கோடி டாலர் என்று 2014-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு சொல்கிறது. விளம்பரம் கொடுத்தவங்களுக்கு அது லாபம். அதே தொகை பத்திரிகைக்கு வராம போச்சு.

க்ரெய்க்ஸ்லிஸ்ட்டை மட்டும் வில்லனாக்கிட முடியாது. வேலை விளம்பரத்துக்குத் தனித் தளம், காருக்குத் தனித் தளம், அப்புறம் கூகுள், அதுக்கப்புறம் ஃபேஸ்புக் எல்லாம் வந்தது. 2008 பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகிட்டது. அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 2005-இல் சுமார் 4,900 கோடி டாலர். 2020-இல் அது 1,000 கோடிக்கும் கீழே. பதினைந்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். 2020-இல்தான் முதன்முறையாக, விளம்பரத்தைவிட வாசகர்கள் கொடுக்கும் சந்தாப் பணம் அதிகமானது. சந்தா எகிறியதால் வந்த மாற்றம்னு நெனச்சுடாதீங்க. விளம்பரம் அவ்வளவு கீழே விழுந்துடுச்சு.

டென்வர் நகரத்தின் 'ராக்கி மவுண்டன் நியூஸ்' 1859 ஏப்ரலில் தொடங்கிய பத்திரிகை. அதன் கடைசி இதழ் வந்தது 2009 பிப்ரவரி 27. இன்னும் ரெண்டு மாசம் தாக்குப்பிடிச்சிருந்தா 150-வது பிறந்தநாள். அது ஒண்ணு மட்டும் இல்லை. 2005-இல் அமெரிக்காவில் சுமார் 8,900 பத்திரிகைகள் இருந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இன்று இல்லை. பத்திரிகைகளின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் 2008-இல் சுமார் 71 ஆயிரம் பேர், 2020-இல் சுமார் 31 ஆயிரம் பேர்.

3. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?

"தொழில்நுட்பம் மாறுச்சு, பழைய தொழில் போச்சு, டைப்ரைட்டர் போகலையா?" இது என் ரூம்மேட் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். டைப்ரைட்டர் போனப்போ அது செஞ்ச வேலையை வேற ஒண்ணு எடுத்துக்கிட்டது. பத்திரிகை செஞ்ச எல்லா வேலையையும் வேற யாராவது எடுத்துக்கிட்டாங்களான்னு பார்க்கணும்.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பெல் என்ற சின்ன நகரம். மக்கள் தொகை 40 ஆயிரத்துக்கும் குறைவு. பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்கள். 2010-இல் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் வீவெஸ் இருவரும் பக்கத்து ஊரான மேவுட் பற்றிய செய்திக்காக அலைந்துகொண்டிருந்தபோது பெல் பற்றித் தகவல் கிடைத்தது. ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், நகர நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோவின் வருடச் சம்பளம் 7,87,637 டாலர். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளமே 4 லட்சம் டாலர்தான்! பகுதி நேரப் பதவியான நகர மன்ற உறுப்பினர்களுக்கும் கிட்டத்தட்ட 1 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது. செய்தி வெளியானது, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், வழக்கு நடந்தது. 2014-இல் ரிஸ்ஸோவுக்கு 12 ஆண்டு சிறை. அந்தச் செய்திகளுக்கு 2011-இல் புலிட்சர் பரிசு.

கதை நல்லா முடிஞ்சுது. ஆனா என்னைத் தூங்க விடாதது அதோட முன்பகுதி. அந்தச் சம்பளம் ஒரே நாள்ல ஏறலை, வருஷக்கணக்கா ஏறியிருக்கு. அத்தனை வருஷமும் பெல் நகர மன்றத்தைத் தொடர்ந்து கவனிக்கிற ஒரு நிருபர் இல்லை. பக்கத்து ஊருக்கு வந்தவங்க கண்ணுல தற்செயலா பட்டது.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வச்ச நான் சொல்றேன், கேளுங்க. க்ளோஸ்டு லூப்ல இருந்து சென்சாரைக் கழட்டிட்டா மோட்டார் நின்னுடாது. ஓடிக்கிட்டேதான் இருக்கும். அளவு தப்பா போறதைச் சொல்ல ஆள் இல்லாம ஓடும். வெளியே இருந்து பார்த்தா எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே இருக்கும்.

இதைப் பணத்திலேயே அளந்தவர்களும் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகை மூடிய பிறகு அந்த ஊர் நிர்வாகம் கடன் வாங்கும்போது கொடுக்க வேண்டிய வட்டி என்ன ஆகிறது என்று காவ், லீ, மர்ஃபி என்ற மூன்று நிதித்துறை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2020-இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி 5 முதல் 11 பேசிஸ் பாயின்ட் வரை கூடுகிறது. அதாவது 0.05 முதல் 0.11 சதவீதம். சின்ன எண்ணா தெரியும். 100 கோடி கடனுக்குப் போட்டுப் பாருங்க, வருஷத்துக்கு 5 லட்சம் முதல் 11 லட்சம் வரை கூடுதல் வட்டி. கண்காணிக்க ஆள் இல்லாத ஊருக்குக் கடன் கொடுக்கிறவங்க கொஞ்சம் அதிகம் கேக்கறாங்க. கட்டறது அந்த ஊர் மக்கள்.

4. பத்திரிகை ஆபீஸ் ஒரு பள்ளிக்கூடமாவும் இருந்தது

இது வரைக்கும் சொன்னது பல இடத்துல படிக்கலாம். அதிகம் பேசப்படாத நஷ்டம் ஒண்ணு இருக்கு. பத்திரிகை ஆபீஸ்தான் பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம்.

ஜோசப் புலிட்சர் ஒரு பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் துறைக்குத் தனிக் கல்லூரி வேண்டும் என்று சொன்னபோது, அன்றைய பத்திரிகைக்காரர்களே பலர் சிரித்தார்கள். "இதெல்லாம் நியூஸ்ரூம்ல கத்துக்கிறது, கிளாஸ்ரூம்ல வராது" என்பது அவர்கள் வாதம். புலிட்சர் 1904-இல் அதற்கு விரிவாகப் பதில் எழுதினார். அவர் கொடுத்த 20 லட்சம் டாலரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பத்திரிகைக் கல்லூரி 1912-இல் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, முந்தைய வருஷமே இறந்துவிட்டார். அதற்கும் முன்னால், 1908-இல் மிசௌரி பல்கலைக்கழகம் வேறு ஒரு வழியை எடுத்தது. கல்லூரி தொடங்கிய முதல் நாளே மாணவர்கள் ஒரு பத்திரிகையை வெளியிட்டார்கள். எடிட்டர்கள் ஆசிரியர்கள், நிருபர்கள் மாணவர்கள், வாசகர்கள் நிஜமான ஊர் மக்கள். மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கற மாதிரி.

ஆனால் கல்லூரியில் படிச்சு வந்தாலும் முதல் ரெண்டு மூணு வருஷம் நியூஸ்ரூம்தான் ஆளைச் செதுக்கும். புதுசா சேர்ந்தவங்களை விபத்து, நகராட்சிக் கூட்டம், நீதிமன்றம்னு அனுப்புவாங்க. எழுதிக் கொண்டு வந்ததை ஒரு உதவி ஆசிரியர் வாங்கி, சிவப்புப் பேனாவோட உட்காருவார். "இவர் வயசு என்ன? இனிஷியல் என்ன? குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொன்னார்? போன் பண்ணியா? எடுக்கலைன்னா வீட்டுக்குப் போனியா?" பதில் இல்லைன்னா காப்பி திரும்பி வரும். எரிச்சலா இருக்கும். அந்த எரிச்சல்தான் பயிற்சி.

பணம் குறையும்போது முதல்ல வெட்டப்படறது இந்த ரெண்டு இடம்தான். அனுபவமில்லாத புதுமுகம், அப்புறம் அவங்க எழுதினதைத் திருத்தற டெஸ்க். ரெண்டும் செலவாத் தெரியும். இவங்க நாளைக்கு எழுதப் போற செய்தி எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

5. எங்க மேல நடந்த லேப் டெஸ்ட்

இது ஏன் எனக்கு முக்கியம்னு சொல்லணும். இந்த இதழ்ல இதுவரைக்கும் நான் எழுதாத விஷயம்.

ரெண்டாம் வருஷம், நான் இந்த இதழ்ல செய்திப் பகுதி பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு நாள் காலையில ஹாஸ்டல் பசங்க பதினோரு பேருக்கு வாந்தி, வயித்துப்போக்கு. வாட்ஸ்அப் குரூப்ல ஒரே அமளி. மெஸ் சாம்பார் போட்டோ ஒண்ணு சுத்துச்சு. அன்னிக்குச் சாயங்காலமே நாங்க போட்டோம்: "மெஸ் உணவில் விஷமா?" கடைசியில கேள்விக்குறி இருக்கே, பொறுப்பா எழுதினதா நெனச்சுக்கிட்டோம். அந்த மாசத்துல அதிகம் ஷேர் ஆனது அதுதான். எனக்கு உள்ளுக்குள்ள பெருமைகூட.

ரெண்டு நாள் கழிச்சுத் தெரிஞ்சுது, அந்தப் பதினோரு பேரும் முந்தின நாள் ராத்திரி மெஸ்ல சாப்பிடவே இல்லை. ஒருத்தன் பிறந்தநாளுக்கு எல்லாரும் வெளியே போயிருந்தாங்க. மெஸ்ல சாப்பிட்ட இருநூறு சொச்சம் பேருக்கு ஒண்ணுமே ஆகலை. "நேத்து ராத்திரி எங்கே சாப்பிட்டீங்க?" இந்த ஒரு கேள்வியை, படுத்திருந்த பதினோரு பேர்ல ஒருத்தன்கிட்ட கேட்டிருந்தா செய்தி அங்கேயே செத்திருக்கும். எல்லாரும் எங்க விங்ல, எங்க ரூமுக்கு நாலு கதவு தள்ளித்தான் இருந்தாங்க.

அதுக்குள்ள மெஸ் மாஸ்டரை ஒரு வாரம் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. தினக்கூலி. நாங்க அடுத்த இதழ்ல திருத்தம் போட்டோம், கடைசிப் பக்கத்துல நாலு வரி. எத்தனை பேர் படிச்சாங்கன்னு அனலிடிக்ஸ்ல பார்த்தேன். 19.

அவர் திரும்பி வந்த அன்னிக்கு நான் தட்டை நீட்டினேன். இட்லி வச்சார். எப்பவும் போல சட்னி ரெண்டு கரண்டி. அப்புறம் மெதுவா கேட்டார்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி?"

திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்தது. அவர்கிட்ட கேக்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு எழுதத் தெரிஞ்சிருந்தது, லேஅவுட் தெரிஞ்சிருந்தது, ஷேர் ஆகற மாதிரி தலைப்பு வைக்கத் தெரிஞ்சிருந்தது. "அவர்கிட்ட கேட்டியா?"ன்னு கேக்க எங்க டெஸ்க்ல மட்டும் ஆள் இல்லை. இன்னிக்கு உலகத்துல நெறைய பேர் எங்களை மாதிரித்தான் செய்தி போட்டுக்கிட்டிருக்காங்க. எங்களை 400 பேர் படிச்சாங்க. அவங்களை 4 லட்சம் பேர் படிக்கிறாங்க.

6. அப்போ பயிற்சி எங்கே நடக்கும்?

அமெரிக்காவுல கிடைக்கிற பதில் நமக்கு ரொம்பச் சுவாரசியமானது. மாணவர்கள் கையில.

ஜார்ஜியா மாநிலத்தில் 'ஓகிள்தோர்ப் எக்கோ' 1874-இல் தொடங்கிய வாரப் பத்திரிகை. 2021-இல் அதை நடத்தி வந்தவர் ஓய்வுபெற முடிவு செய்தார், பத்திரிகை மூடப்பட இருந்தது. அதை லாப நோக்கில்லாத அமைப்பாக மாற்றி, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பத்திரிகைத் துறை மாணவர்கள் செய்தி சேகரிக்கிறார்கள். ஊருக்குப் பத்திரிகை நிற்கவில்லை, மாணவர்களுக்கு லேப் கிடைத்தது. அயோவா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான 'டெய்லி அயோவன்' 2024-இல் பக்கத்து ஊர்களின் இரண்டு வாரப் பத்திரிகைகளையே விலைக்கு வாங்கியது! மாநிலச் சட்டமன்றங்களிலிருந்து செய்தி கொடுக்கும் நிருபர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் மாணவர்கள் என்று ப்யூ ஆய்வு மையம் 2022-இல் கணக்கெடுத்தது.

இன்னொரு உதாரணம். 2022 நவம்பரில் 'ஸ்டான்ஃபோர்டு டெய்லி' மாணவர் பத்திரிகையில் தியோ பேக்கர் என்ற முதலாமாண்டு மாணவர், தன் பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெஸியே-லவின் பெயர் இடம்பெற்ற ஆய்வுக் கட்டுரைகளின் படங்கள் பற்றிய சந்தேகங்களை எழுதினார். அந்தச் சந்தேகங்கள் சில, ஆய்வாளர்கள் விவாதிக்கும் இணையதளத்தில் ஏற்கெனவே பல வருஷமா எல்லாரும் பார்க்கும்படி கிடந்தவை. பேக்கர் செஞ்சது, அதைப் படத் தடயவியல் நிபுணர்களிடம் எடுத்துப் போய்ச் சரிபார்த்து, சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, தொடர்ந்து எழுதியது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு வைத்தது. தலைவர் தானே மோசடி செய்ததாக அந்தக் குழு சொல்லவில்லை. ஆனால் கட்டுரைகளில் குறைகள் இருந்தன, அவற்றைத் திருத்த அவர் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்றது. 2023 ஜூலையில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். குழு சொன்ன இந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் சொன்னாத்தான் செய்தி. அதை விட்டுட்டு "மோசடி செய்த தலைவர்"னு போட்டா, அது எங்க சாம்பார் செய்தி.

இன்னும் ஒரு வேடிக்கை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 2006-இல் தொடங்கிய பத்திரிகைக் கல்லூரிக்கு 2018-இல் ஒருவர் 2 கோடி டாலர் நன்கொடை கொடுத்தார். அந்தக் கல்லூரிக்கு இப்போது அவர் பெயர்தான். யார் தெரியுமா? அதே க்ரெய்க் நியூமார்க். வரி விளம்பரக் காசு சுத்தி வந்து கொஞ்சம் திரும்பிச் சேர்ந்திருக்கு.

ஆனா இதையெல்லாம் பார்த்து "பிரச்சினை தீர்ந்துடுச்சு"ன்னு முடிவு பண்ணக் கூடாது. மாணவர்கள் நாலு வருஷத்துல போயிடுவாங்க. செமஸ்டர் லீவுல ஊர்ல ஊழல் நடக்காதா? சம்பளம் இல்லாத உழைப்பை நம்பி ஒரு ஊரோட கண்காணிப்பை ஓட்ட முடியுமா? முக்கியமா, மாணவர் கத்துக்கணும்னா பக்கத்துல கத்துக் கொடுக்க ஒரு பழைய ஆள் வேணும். அந்தப் பழைய ஆள் உருவாகறதுக்கு ஒரு சம்பள வேலை வேணும். அதனால மாணவர் பத்திரிகையை மாற்று மருந்துன்னு சொல்ல மாட்டேன். தையல் பிரியாம பிடிச்சுக்கிட்டு இருக்கற விரல்னு சொல்லலாம்.

7. நம்ம பக்கம்

நம்ம நிலைமை அப்படியே அமெரிக்கா மாதிரி இல்லை. 1942-இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி' டீக்கடை பெஞ்ச் வரைக்கும் போய், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரையும் வாசகராக்கியது. இன்னிக்கும் டீக்கடையில பேப்பர் பிரிஞ்சு பிரிஞ்சு நாலு பேர் கையில இருக்கு. ஆனா அடிப்படை வயரிங் இங்கேயும் அதேதான். அச்சடிக்கிற செலவைவிடக் குறைஞ்ச விலை, மீதிக்கு விளம்பரம். நியூஸ்பிரிண்ட் காகிதத்துல பெரும்பகுதி இறக்குமதி. 2019 பட்ஜெட்டில் அதுக்கு 10 சதவீதச் சுங்க வரி போட்டாங்க, அடுத்த வருஷம் 5 ஆக்கினாங்க. 2020 கொரோனாவுல பேப்பர் போடற பையன் தெருவுக்கே வர முடியாம போச்சு. நிறுத்தின வீடுகள்ல எங்க வீடும் ஒண்ணு. அப்பா அப்புறம் திரும்ப ஆரம்பிக்கலை.

பயிற்சி விஷயத்துல நமக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம். 1980-களிலிருந்து கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, படிக்கும்போதே செய்தி சேகரிக்க அனுப்பியது. அந்த வழியா வந்தவங்க இன்னிக்குத் தமிழ் ஊடகத்துல பல இடத்துல இருக்காங்க. அதில் சேர ஜர்னலிசம் படிச்சிருக்கணும்னு இல்லை.

8. இன்ஜினியரிங் பசங்களுக்கு ஒரு மினி சிலபஸ்

அடுத்த வருஷம் இந்த இதழை நடத்தப் போற ஜூனியர்ஸுக்கு நான் விட்டுட்டுப் போறது இது. தப்பு பண்ணிக் கத்துக்கிட்டது.

முதல் பாடம், ஆள்கிட்ட கேளு. செய்தியில யாருக்குக் கெட்ட பேர் வருதோ, அவர்கிட்ட பேசாம ஒரு வரியும் போகக் கூடாது. வார்டனா இருந்தாலும் சரி, மெஸ் மாஸ்டரா இருந்தாலும் சரி.

ரெண்டாவது, "உனக்கு எப்படித் தெரியும்?" உன் நண்பன் சொன்னாலும் கேளு. நீயே பார்த்தியா, பார்த்தவன் சொன்னானா, குரூப்ல வந்ததா? மூணும் வேற வேற.

மூணாவது, ஆவணம் கேட்கக் கத்துக்கோ. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல இருந்து இருக்கு. ஒரு தாள்ல கேள்வி, 10 ரூபாய் கட்டணம், பொதுவா 30 நாளுக்குள்ள பதில் தரணும். காலேஜ் முன்னாடி இருக்கிற ரோட்டுக்கு எவ்வளவு செலவாச்சு, பஸ் ஏன் குறைஞ்சுதுன்னு சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்துக்கு எழுதலாம். பெல் நகரக் கதையும் இப்படி ஆவணம் கேட்டதுல வெளியே வந்ததுதான்.

நாலாவது, நம்ம பலத்தைப் பயன்படுத்து. எக்ஸெல், பைத்தான், கிராஃப் நமக்கு வரும். ஒரு நிருபர் நாள் முழுக்கக் கூட்டிக் கழிக்கிறதை நாம பத்து நிமிஷத்துல செய்யலாம். போட்டோ பழசா புதுசான்னு ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல பார்க்கலாம். (அந்தச் சாம்பார் போட்டோவையும் பார்த்திருக்கலாம்.)

அஞ்சாவது, ஏஐ. நானும் பயன்படுத்தறேன், மறைக்கலை. சுருக்கித் தரும், எழுத்துப்பிழை பார்க்கும். ஆனா பதினோரு பேர் படுத்திருந்த ரூமுக்கு நாலு கதவு தள்ளி நடந்து போக அதுக்குக் கால் இல்லை. அது எழுதித் தர்றது எவ்வளவு அழகா இருந்தாலும் முதல் ரெண்டு பாடத்தைத் தாண்டித்தான் உள்ளே வரணும்.

ஆறாவது, திருத்தத்தைத் தப்பு வந்த இடத்துலயே போடு. முதல் பக்கத்துல தப்பு, கடைசிப் பக்கத்துல மன்னிப்புன்னா அது மன்னிப்பு கிடையாது.

இந்த இதழ்ல இருந்து ஒரு மாற்றம் பார்ப்பீங்க. ஒவ்வொரு செய்திக்கும் கீழே ஒரு சின்னக் கட்டம்: "யாரிடம் கேட்டோம்?" எத்தனை பேர்கிட்ட, எப்போ, யார் பதில் சொல்லலை. கட்டம் காலியா இருந்தா செய்தி வராது. அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு சீனியர், ஒரு ஜூனியர். சீனியர் போனதும் ஜூனியர் சீனியர் ஆகணும். எங்களுக்குக் கிடைக்காத டெஸ்க் உங்களுக்காவது இருக்கட்டும்.

இந்த வார வீட்டுப்பாடம்: உங்க போன்ல இன்னிக்கு வந்த ஏதாவது ஒரு செய்தியை எடுங்க. அதை முதல்ல எழுதினவர் யார், அந்த இடத்துக்குப் போனாரா, யார்கிட்ட கேட்டார்னு பின்னாடியே நடந்து போய்ப் பாருங்க. எத்தனை படி போக முடிஞ்சுதுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த இதழ்ல போடறோம்.

கடைசியா ஒண்ணு. இந்தக் கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னாடி மெஸ்ஸுக்குப் போய் மாஸ்டர்கிட்ட காட்டினேன். அஞ்சாவது பகுதியை மட்டும் வாசிச்சுக் காட்டச் சொன்னார். வாசிச்சேன். முழுசா கேட்டுட்டு, "பதினோரு பேர்னு போட்டிருக்கே, பன்னெண்டு தம்பி. ஒருத்தன் ஊருக்குப் போயிட்டான்"னார்.

ரூமுக்கு வந்து விசாரிச்சேன். அவர் சொன்னது சரி. மேலே அஞ்சாவது பகுதியில "பதினோரு"ன்னு வர்ற இடத்துல எல்லாம் "பன்னிரண்டு"ன்னு படிச்சுக்கோங்க. எட்டாவது பகுதியிலயும் அதே தப்பு ஒரு இடத்துல இருக்கு. மாத்தாம விட்டிருக்கேன், அவர்கிட்ட கேட்டதாலதான் தெரிஞ்சுதுன்னு நீங்களும் பார்க்கணும்னு.

யாரிடம் கேட்டோம்: விங்கில் 24 ரூம், அன்று உடம்பு சரியில்லாமல் போன 4 பேர், மெஸ் மாஸ்டர். பதில் சொல்லாதவர்கள்: யாரும் இல்லை.